இங்கிலீஷ் 'இஃப்' வாக்கியம் நடத்த பாட்டு, கேம் ஐடியா வேணும்

எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு கண்டிஷனல் (இது நடந்தா அது நடக்கும்னு 'இஃப்' வச்சு சொல்ற வாக்கியம்) எடுக்கிறேன், ரூல அப்படியே ஒப்பிக்கிறாங்க ஆனா பேசச் சொன்னா 'இஃப் இட் வில் ரெய்ன்'னு தான் வருது, பாட்டு கேம்னு ட்ரை பண்ணவங்க சொல்லுங்களேன்

பதில் 1:
செயின் கேம் வைங்க மேடம். ஒருத்தன் 'இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் ஸ்டே ஹோம்'னா அடுத்தவன் 'இஃப் ஐ ஸ்டே ஹோம்'னு ஆரம்பிக்கணும். அந்த வில் தானா கழண்டுக்கும்.

பதில் 2:
செகண்ட் கண்டிஷனலுக்கு (நிஜமில்லாதத கற்பனை பண்ணிச் சொல்றது) பியான்சே 2008ல பாடுன 'இஃப் ஐ வேர் எ பாய்', தலைப்பே உதாரணம். 'வாஸ்' ஏன் வரலன்னு அவங்களே கேப்பாங்க. வரிகள துண்டு துண்டா வெட்டிக் குடுத்து பாட்ட கேட்டு அடுக்கச் சொல்லுங்க.

பதில் 3:
தேர்ட் கண்டிஷனலுக்கு (முடிஞ்சு போனத 'அப்படி நடந்திருந்தா'ன்னு சொல்றது) தமிழ்லேர்ந்தே போங்க. 'படிச்சா பாஸாவேன்', 'படிச்சிருந்தா பாஸாயிருப்பேன்', அந்த 'இருந்தா' தான் இங்கிலீஷ்ல 'ஹேட்' (had). போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதுனதும் என் கடைசி பெஞ்ச் பொண்ணு 'ஓ இவ்ளோதானா மிஸ்'னா, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.