'எங்கள் தோட்டத்துக் காய்' என்று பலகை வைத்துவிட்டு மண்டிக் காயும் விற்கலாமா?

முருங்கைத்தோட்டம்:
வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். முருங்கை, கத்தரி, தக்காளி, கொஞ்சம் சின்ன வெங்காயம். தோட்டம் சாலையை ஒட்டியே இருப்பதால் இரண்டு வருடமாக வேப்பமரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டு விற்கிறோம், பெரும்பாலும் அம்மாதான் உட்காருவார். பலகையில் 'எங்கள் தோட்டத்தில் பறித்தது' என்று எழுதியிருக்கிறேன். ஆரம்பத்தில் அது முழுக்க உண்மை. அப்புறம் காரை நிறுத்துகிறவர்கள் கேரட் இல்லையா, பீன்ஸ் இல்லையா என்று கேட்டுவிட்டு எதுவும் வாங்காமலே கிளம்பிப் போனதால், காலையில் முருங்கையை மண்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது கையோடு மலைக்காயும் வாங்கிவர ஆரம்பித்தேன். மார்கழியில் எங்கள் மரத்தில் காய்ப்பு ஓய்ந்தபோது முருங்கையையே வாங்கி வைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு ஒரு பெண்மணி கேரட்டைக் கையில் எடுத்து, 'இது இந்த மண்ணிலா வருது?' என்று கேட்டிருக்கிறார். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டார். அவர் சிரித்துவிட்டு, எடுத்த கத்தரிக்காயையும் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாராம். இனிமேல் கடையில் உட்காரவே மாட்டேன் என்கிறார் அம்மா. பலகையை எடுப்பதா, மண்டிக் காயை நிறுத்துவதா? எதைச் செய்தாலும் வியாபாரம் அடிபடும்.

சந்தைக்காரன்:
தம்பி, நான் பத்து வருடமாக உழவர் சந்தையில் கடை போடுகிறேன். 1999-ல் மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறந்தபோதே விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அடையாள அட்டை வாங்க நிலத்துக் காகிதம் காட்ட வேண்டும், அதிகாரி தோட்டத்துக்கு வந்து என்ன பயிர், எவ்வளவு இடம் என்று பார்ப்பார். அப்படியும் வியாபாரிகள் நுழையத்தான் செய்கிறார்கள், அடுத்தவர் அட்டையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் யார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். இருபது சென்ட் வெண்டை வைத்திருக்கிறவர் தினமும் நூற்றைம்பது கிலோ இறக்கினால் அது எந்தச் செடியில் காய்த்தது? ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் ஐம்பது கிலோ வந்தாலே அமோகம். இதில் அடிபடுவது வாங்குகிறவர் மட்டுமில்லை, பக்கத்தில் நிஜமாகவே தன் காயைக் கொண்டுவந்து உட்கார்ந்திருப்பவர். மண்டிக் காய் வந்து குவிந்தால் அவர் கூடை மீந்துபோகும்.

எங்கள் சந்தையில் கேரட், கோஸுக்குத் தனிக் கடை. அது கீழ்நாட்டில் விளையாது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் மேசையைப் பிரித்துப் போடுங்கள்.

வழிப்போக்கன்:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? திண்டுக்கல்லில் தள்ளுவண்டியில் இருக்கிற மலைப்பழமெல்லாம் சிறுமலையிலிருந்தா இறங்கியது? முடிக்கொத்து நோய் வந்து அங்கே வாழையே ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அழிந்துபோனது, மீண்டு வந்தாலும் பழைய அளவுக்கு ஏது? பெயருக்குத்தான் விலை. வாங்குகிறவர்களுக்கும் உள்ளுக்குள் தெரியும்.

மேல்மலை:
தெரியாது சார். தெரிந்தால் கூடுதல் விலை கொடுக்க மாட்டார்கள். நான் கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் வெளிமாநிலப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லிச் சுற்றுலா வருகிறவர்கள் தலையில் கட்டுவது நிற்கவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர் அடுத்த தடவை என் பூண்டையும் சந்தேகமாகத்தான் முகர்ந்து பார்க்கிறார். கேள்வி கேட்ட தம்பிக்கு: நீங்கள் மண்டியில் எடுத்த கேரட் நான் ஏற்றி அனுப்பியதாகக்கூட இருக்கலாம். விடியற்காலைக் குளிரில் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டியது நாங்கள், பெயர் மட்டும் உங்கள் தோட்டத்துக்கா? 'கொடைக்கானல் கேரட்' என்று எழுதினால் உங்களுக்குத்தான் என்ன குறைந்துவிடும்?

வாரக்கடைசி:
பெரும்பாலும் நகரத்திலிருந்து வந்து வாங்குகிற ஆள் நான். கேரட் மண்டியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவசரத்துக்கு வாங்கிக்கொள்வேன். ஆனால் கேரட்டில் ஒரு பொய் என்று தெரிந்த நிமிடமே கத்தரிக்காய் மேலும் நம்பிக்கை போய்விடும், அந்தப் பெண்மணி செய்ததும் அதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பலகை எழுதியது நீங்கள், பொய் சொல்ல வேண்டி வந்தது உங்கள் அம்மாவுக்கு.

கணக்குப்பிள்ளை:
யாரும் சொல்லாத ஒன்று. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியின் சொந்த விளைச்சலைத் தோட்டத்து அளவில் தொடுவதில்லை. மண்டியில் வாங்கி விற்றால் நீங்கள் சில்லறை வியாபாரி, அதற்குப் பதிவு எடுக்க வேண்டும். எங்கே விளைந்தது என்று மாற்றிச் சொல்லி விற்பது நுகர்வோர் சட்டப்படியும் தப்புதான். வழக்கு வரும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது பதில் ஆகாது. 'இயற்கை விவசாயம்' என்றும் பலகையில் எழுதியிருந்தால் அதை முதலில் அழியுங்கள், அது இன்னும் பெரிய வம்பு.

முருங்கைத்தோட்டம்:
இயற்கை என்று எழுதவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன். வாரக்கடைசி சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாருக்கும் பதில் எழுதத் தோன்றவில்லை. அப்புறம் சந்தைக்காரன் அண்ணன் சொன்னபடி இரண்டு மேசை போட்டேன். பழைய பலகையை ஒன்றுக்கு மேலே மாட்டினேன், இன்னொன்றில் சிலேட்டு வைத்து 'மண்டியில் வாங்கியது, கேரட் கொடைக்கானல்' என்று சாக்பீஸால் எழுதினேன். நாலு நாள் ஆகிறது. கேரட் விற்பனை குறைந்துவிட்டது, விற்பதற்கும் மண்டி விலை என்ன என்று கேட்டுப் பேரம் பேசுகிறார்கள். கத்தரிக்காய்க்கு இதுவரை யாரும் பேரம் பேசவில்லை. அம்மா நேற்று கடைக்கு வந்தார். சிலேட்டு மேசைப் பக்கம் நீயே நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்.