பிரித்தெடுத்த பசுங்கணிகத்தில் பாஸ்பாடிடிக் அமிலம் இவ்வளவு இருக்குமா?

கேள்வி:
அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் இலையை அரைத்து, பெர்கால் என்ற அடர்த்திக் கரைசலின் அடுக்கில் பசுங்கணிகம் பிரிக்கிறேன். உடையாதவை பச்சை வளையமாக நன்றாகவே நிற்கின்றன. லிப்பிடைப் பிரித்து மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் பாஸ்பாடிடிக் அமிலம் என்ற லிப்பிட் எக்கச்சக்கம். பிஐ4பி (பாஸ்பாடிடைலினோசிட்டால் 4-பாஸ்பேட்) என்ற இன்னொரு லிப்பிட் மட்டும் கண்ணிலேயே படவில்லை. மூன்று மாத உழைப்பு. அந்த அமில அளவை நம்பலாமா?

பதில் 1:
முதலில் ஒரு கணக்கு. முழு இலையைப் பறித்த கையோடு 75 டிகிரி செல்சியஸ் ஐசோபுரோப்பனாலில் போட்டு, என்சைம்கள் நின்றுபோக 15 நிமிடம் வைத்து, அமிலத்தை அளந்து பாருங்கள். இலை, பசுங்கணிகம் இரண்டின் அளவையும் குளோரோபில்லுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். இலையின் குளோரோபில் எல்லாம் பசுங்கணிகத்தில்தான் இருக்கிறது. அதனால் பசுங்கணிகத்தின் அளவு முழு இலையினுடையதைத் தாண்டவே முடியாது. தாண்டினால் அது நீங்கள் அரைக்கும்போது உண்டானது.

நானும் இதில் ஒரு வருடம் இழந்தவள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இலை நைந்ததுமே பாஸ்போலிபேஸ் டி என்ற என்சைம் விழித்துக்கொண்டு, பாஸ்பாடிடைல்கோலின் என்ற சவ்வு லிப்பிடை வெட்டிப் பாஸ்பாடிடிக் அமிலமாக்கத் தொடங்கிவிடும். பனிக்கட்டியில் வைத்தாலும் முழுதாக நிற்காது. அந்த என்சைமுக்குக் கால்சியம் வேண்டும் என்பதால் அரைக்கும் கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ சேருங்கள். அப்புறம் ஒரு சிறு பகுதியை மட்டும் 1-பியூட்டனால் கலந்து அரையுங்கள். அந்த என்சைம் பியூட்டனாலைச் சேர்த்து உண்டாக்கும் பாஸ்பாடிடைல்பியூட்டனால் தெரிந்தால், அது வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

கொழுப்பு அமிலங்களையும் பாருங்கள். 34:4 (மொத்தம் 34 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு) வந்தால் பசுங்கணிகத்தின் பாஸ்பாடிடைல்கிளிசராலிலிருந்து வந்திருக்கலாம். 36:6 என்றால் பெரும்பாலும் வெளியே உருவான பாஸ்பாடிடைல்கோலின்தான் மூலம்.

பதில் 2:
பிஐ4பி பற்றி மட்டும். சாதாரண குளோரோபார்ம்-மெத்தனால் முறையில் அது நீர் அடுக்கிலேயே தங்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துப் பிரித்து, உடனே நடுநிலையாக்குங்கள். கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் குழாய் நல்லது. உள்தரத்தை (அளவு தெரிந்த ஒப்பீட்டு லிப்பிடை) தொடக்கத்திலேயே சேர்த்தால்தான் எவ்வளவு போனது என்று தெரியும். அளவு கிடைத்தாலும் செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்மா சவ்வு கலந்திருக்கிறதா என்று, அதன் அடையாளப் புரதமான புரோட்டான் ஏடிபேஸைக் காட்டும் ஆன்டிபாடியால் பாருங்கள். பிஐ4பி அந்தச் சவ்வில்தான் நிறைய.

கேள்வி கேட்டவர்:
கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பசுங்கணிகத்தின் அளவு இலையினுடையதைப்போல நான்கு மடங்கு. அரைத்ததை 0, 10, 30 நிமிடம் பனிக்கட்டியில் வைத்தும் அளந்தேன், ஏறிக்கொண்டே போகிறது. மனம் கனக்கிறது, ஆனால் கட்டுரை எழுதுவதற்கு முன்பே தெரிந்தது நல்லது. ஈஜிடிஏ கரைசல் கலக்கி வைத்தாயிற்று. நாளை காலை திரும்பவும் தொடங்குகிறேன்.