போஸ்ட்கிரெஸ், பைத்தான் ஆவணங்களை நெட் இல்லாமல் போனில் படிக்க என்ன வழி?

திரைவாசகன்

வணக்கம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) கையேடு, பைத்தான் ஆவணங்கள், கூடவே சில ஆர்எஃப்சி-கள் (இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆவணங்கள்). சிக்னல் கிடைக்காத இடத்தில் ஆண்ட்ராய்டு போனில் இவற்றைப் படிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் பிடிஎஃப் ஏ4 அளவில் இருக்கிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. டபிள்யூகெட்டில் (தளத்தை மொத்தமாக இறக்கும் கருவி) இறக்கிய எச்டிஎம்எல் ஃபோல்டர் லேப்டாப்பில் ஒழுங்காகத் திறக்கிறது. அதையே போனுக்கு மாற்றி ஃபைல் மேனேஜரில் தொட்டால் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஃபைல்) இல்லை, படம் இல்லை, 'அடுத்த பக்கம்' லிங்க்கும் போகவில்லை. ஆர்எஃப்சி டெக்ஸ்ட் ஃபைலில் வரிகள் பாதியில் உடைகின்றன. தேடும் வசதியும் அவசியம்.

மூலக்கோப்பு

ஃபோல்டர் திறக்காததற்கு டபிள்யூகெட் காரணமில்லை. ஃபைல் மேனேஜரில் ஒரு ஃபைலைத் தொடும்போது, அந்த ஒரு ஃபைலைப் படிக்க மட்டும்தான் ஆண்ட்ராய்டு பிரவுசருக்கு அனுமதி தருகிறது. பக்கத்திலேயே இருக்கும் சிஎஸ்எஸ்ஸும் படங்களும் பிரவுசர் கண்ணுக்கே தெரியாது. லிங்க்குகளை எத்தனை தடவை சரிசெய்தாலும் இது மாறாது. எல்லாம் ஒரே ஃபைலுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் போனிலேயே ஒரு சர்வர் ஓட வேண்டும்.

எதையும் சுரண்டி இறக்கும் முன், அந்தத் திட்டக்காரர்களே ஈபப் (திரைக்கேற்ப மடியும் மின்னூல் வடிவம்) தருகிறார்களா என்று பாருங்கள். பைத்தான் ஆவணத் தளத்தின் டவுன்லோட் பக்கத்தில் ஈபப், எச்டிஎம்எல் ஜிப் இரண்டும் இருக்கின்றன. ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தில் இருக்கும் திட்டங்களுக்குப் பக்கத்தின் கீழ் மூலையில் உள்ள பதிப்பு மெனுவைத் திறங்கள். திட்டக்காரர் அனுமதித்திருந்தால் பிடிஎஃப், ஈபப் அங்கேயே கிடைக்கும். ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதிய ஆவணம் எதுவானாலும், மூலத்தை எடுத்து 'மேக் ஈபப்' கட்டளை கொடுத்தால் போதும்.

போஸ்ட்கிரெஸ் ஆவணம் டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவில் இருப்பது. சோர்ஸை இறக்கி, கான்ஃபிகர் ஓட்டிவிட்டு, டாக் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்ஜிஎம்எல் ஃபோல்டரில் 'மேக் ஈபப்' கொடுங்கள். டாக்புக் எக்ஸ்எம்எல், டாக்புக் எக்ஸ்எஸ்எல், எக்ஸ்எஸ்எல்டிபிராக், டிபிடுஈபப் ஆகியவை முன்பே நிறுவியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிறுவ மறப்பவர்கள்தான் அதிகம்.

பைத்தானுக்கு நான் ஈபப்பை விட எச்டிஎம்எல் ஜிப்பைத்தான் சொல்வேன். டெர்மக்ஸை (ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் செயலி) நிறுவி, ஸ்டோரேஜ் அனுமதி கொடுத்து, ஜிப்பைப் பிரித்த ஃபோல்டருக்குள் பைத்தானின் எச்டிடிபி.சர்வர் மாட்யூலை ஓட்டுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8000. ஸ்ஃபிங்ஸின் தேடல் அட்டவணை ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலாக ஜிப்புக்குள்ளேயே இருப்பதால், தேடல் பெட்டி நெட் இல்லாமலே வேலை செய்யும். திரை அணைந்ததும் சர்வர் நின்றுபோனால் பேட்டரி சேமிப்பிலிருந்து டெர்மக்ஸுக்கு விலக்குக் கொடுங்கள்.

கலிபர்_காரன்

ஈபப்பே தராத தளங்களுக்கு டபிள்யூகெட்டை விட்டால் வழியில்லை. அதில் கவனிக்க வேண்டியவை: 'நோ-பேரன்ட்' போடாவிட்டால் மேலே ஏறி, பழைய பதிப்புகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும். 'பேஜ்-ரிக்விசிட்ஸ்', 'கன்வர்ட்-லிங்க்ஸ்', 'அட்ஜஸ்ட்-எக்ஸ்டென்ஷன்' மூன்றையும் சேர்த்தே போடுங்கள். லிங்க் மாற்றும் வேலை எல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் நடக்கும். நடுவில் கன்ட்ரோல்-சி அடித்தால் எந்த லிங்க்கும் மாறியிருக்காது. 'வெயிட்' 1 விநாடியாவது வையுங்கள், அது அடுத்தவர் சர்வர். ஜாவாஸ்கிரிப்ட் வழியாக உள்ளடக்கத்தை வரவழைக்கும் தளங்களில் வெறும் கூடுதான் கிடைக்கும், அங்கே டபிள்யூகெட் உதவாது.

இறக்கியதைக் கலிபருக்கு (மின்னூல் மாற்றும் மென்பொருள்) கொடுக்கும்போது உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் சேருங்கள், லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு மற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். வழக்கமாக ஆழம் முதலில் என்றுதான் அது போகும். முதல் அத்தியாயத்தில் இருக்கும் ஒரு குறுக்குக் குறிப்பைப் பிடித்து 14-ஆம் அத்தியாயத்துக்குத் தாவிவிடும், வரிசை குலையும். 'பிரெட்த்-ஃபர்ஸ்ட்' தெரிவை இயக்கினால் உள்ளடக்கப் பக்கத்தின் வரிசை அப்படியே நிற்கும். லிங்க் ஆழம் இயல்பாக 5 நிலை, கையேட்டுக்கு 2 அல்லது 3 போதும்.

திரைவாசகன்

நன்றி. போஸ்ட்கிரெஸ் ஈபப் தயார். ஆனால் நீளமான எஸ்கியூஎல் வரிகளின் வலது முனை திரைக்கு வெளியே போய்விடுகிறது, இழுத்தாலும் வரவில்லை. பெரிய அட்டவணைகளும் அப்படியே.

கலிபர்_காரன்

பக்கம் பக்கமாகப் புரட்டும் ரீடரில் இழுப்பது பக்கம் திருப்புவதற்குப் போய்விடும். அதனால் ஸ்கிரோல் பட்டை நம்பி எழுதிய சிஎஸ்எஸ் அங்கே பலிக்காது, மிச்சத்தை வெட்டிவிடும். கலிபரின் 'எடிட் புக்'கில் திறந்து, 'பிரி' டேகுக்கு (கோடு வரிகளைத் தாங்குவது) வொயிட்-ஸ்பேஸ் மதிப்பாக 'பிரி-ராப்', எழுத்து அளவாக 0.8 எம் (சுற்றியுள்ள எழுத்து அளவில் 0.8 பங்கு) கொடுங்கள். எஸ்கியூஎல்லுக்கு இது கச்சிதம். பைத்தானில் கொஞ்சம் ஆபத்து: மடிந்த வரி இடது ஓரத்திலிருந்து தொடங்குவதால் புது ஸ்டேட்மென்ட் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் போனைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

அட்டவணைக்கு, கன்வெர்ட் செய்யும்போது 'லீனியரைஸ் டேபிள்ஸ்' இருக்கிறது. கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிவிடும். இரண்டு நெடுவரிசை அட்டவணைக்குச் சரி, டேட்டா டைப் ஒப்பீடு மாதிரி நான்கைந்து நெடுவரிசை இருந்தால் எது எதற்குரியது என்றே புரியாது. அந்த மாதிரி அத்தியாயத்துக்கு மட்டும் பிடிஎஃப்பைக் கேஓரீடர் செயலியில் ரீஃப்ளோ (வரிகளைத் திரைக்கேற்ப மடிப்பது) இல்லாமல் படுக்கைவாக்கில் திறப்பதே மேல்.

ஏழாம்_அடுக்கு

ஆர்எஃப்சி பற்றி யாரும் தொடவில்லை. பழைய டெக்ஸ்ட் வடிவில் வரிக்கு அதிகபட்சம் 72 எழுத்து. மோனோஸ்பேஸ் எழுத்தின் அகலம் சுமார் 0.6 எம், ஆக ஒரு வரிக்கு 43 எம் வேண்டும். 6.5 செ.மீ. அகலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் எழுத்து 4 பாயின்ட் சொச்சம்தான், கண் வலிக்கும். படுக்கவைத்தால் 14 செ.மீ., 9 பாயின்ட் கிடைக்கும். வரிகளை ஒட்டித் தரும் ஸ்கிரிப்ட் எதையும் நம்பாதீர்கள். டிசிபி ஹெடர் படம் கூட்டல் குறியும் கோடுமாக 65 எழுத்து அகலம், ஒட்டினால் பிட் எண்கள் எங்கேயோ போய் நிற்கும். மேலே சொன்ன 'பிரி-ராப்'பும் இந்தப் படத்தைச் சிதைக்கும், ஆர்எஃப்சி-க்கு அதைப் போடாதீர்கள்.

2019 இறுதிக்குப் பிறகு வந்தவை என்றால் ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தில் எச்டிஎம்எல் ஒரே ஃபைலாக இருக்கிறது, பத்திகள் திரைக்கேற்ப மடியும். டிசிபிக்கு 1981-இன் 793-ஐ வைத்துக்கொண்டிருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு 9293-ஐ எடுங்கள், எச்டிடிபிக்கு 9110.

மூலக்கோப்பு

தேடல்தான் முக்கியம் என்றால் கிவிக்ஸ் என்ற ஆஃப்லைன் ரீடரையும் பாருங்கள். அதன் ஜிம் ஃபைலுக்குள் முழு உரைத் தேடல் அட்டவணையைச் சேர்த்து வைக்க முடியும், டெவ்டாக்ஸ் (பல நிரல் மொழிகளின் ஆவணங்களைத் திரட்டித் தரும் தளம்) தொகுப்புகளும் அதன் நூலகத்தில் உண்டு. மெமரி கார்டு ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஜிம் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

டெவ்டாக்ஸ் தளத்தையே பிரவுசரில் ஆஃப்லைனாக வைப்பவர்களும் உண்டு. அது பிரவுசர் சேமிப்பில் இருப்பது, போனில் இடம் குறைந்தால் சொல்லாமல் அழிந்துவிடலாம். ஐபோன் சஃபாரியில் தளத்தைத் தொடாமல் 7 நாள் பயன்படுத்தினாலே போய்விடும், ஹோம் ஸ்கிரீனில் சேர்த்திருந்தால்தான் தப்பும்.