ஞாயிறு முழுவதும் படுத்தும் களைப்பு தீரவில்லையே, ஏன்?

நங்கநல்லூர்வாசி (கேள்வி)

கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் என்னும் பிடித்த வரியைச் செலுத்த வேண்டும், 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் ஓட்டமாகவே கழிகிறது. வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் வயதான மாமியாரும் இருக்கிறார்கள். என் கணவர் உதவக்கூடியவர்தான். ஆனால் என்ன உதவி வேண்டும் என்பதை நான்தான் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

நேரம் கிடைத்தாலும் எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். சென்ற ஞாயிறு காலைச் சிற்றுண்டி முடிந்ததும் படுத்து, பிற்பகல் ஒரு மணி வரை தூங்கினேன். எழுந்தபோது தலை பாரமாக இருந்தது. மாலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயும், அலைகளுக்கு எதிரே அமர்ந்து அலுவலக மின்னஞ்சலைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு பன்னிரண்டைத் தாண்டியும் தூக்கம் வரவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் சரியாகவே உள்ளன. யோகா செய்யுங்கள் என்பதைத் தவிர வேறு ஏதேனும் சொல்ல முடியுமா?

அடையாறு வாசகி

முதலில் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகும். இரவில் கண்ணைச் செருக வைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பகல் ஒரு மணி வரை தூங்கி அதைக் கரைத்துவிட்டால், இரவு படுக்கும் நேரத்துக்குள் போதிய அளவு சேர்ந்திருக்காது. காப்பியில் உள்ள காஃபீன் அந்த அடினோசினின் வேலையைத் தடுக்கிறது. உடலில் காஃபீனின் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காப்பி இரவு பதினொன்றுக்கும் பாதி மிச்சமிருக்கும். பகலில் படுத்தே ஆக வேண்டுமென்றால் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுந்தால் நீங்கள் சொல்லும் தலைபாரம் வரக்கூடும்.

ஆனால் தூக்கம் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சபீனே சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்னும் உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் பிறகு நாம் தெம்பு பெறும் வழிகளை நான்காகப் பிரித்தார்கள்: மனத்தளவில் வேலையை விட்டு விலகியிருப்பது, உடலும் மனமும் தளர்ந்திருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, தன் நேரத்தைத் தானே தீர்மானிப்பது. மூன்றாவதை நான் முதலில் நம்பவில்லை. நாற்பது வயதில் மயிலாப்பூரில் வயலின் வகுப்பில் சேர்ந்து, சரளி வரிசையில் விரல் தடுமாறிய அந்த ஒரு மணி நேரத்தில் அலுவலகம் நினைவுக்கு வரவே இடமிருக்கவில்லை. சோபாவில் சாய்ந்திருந்தபோதெல்லாம் அது தவறாமல் வந்தது.

பெரம்பூர் பழையவர்

அம்மா, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன். வண்டியை ஓட்டி முடித்தால் எத்தனை மணி நேரம் ஓய்வு என்பது எங்களுக்கு விதியாகவே உண்டு. வெளியூரில் அந்த ஓய்வுக்கென்று ரன்னிங் ரூம் இருக்கும். ஜோலார்பேட்டையில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விட, வெளியே சரக்கு வண்டிகளை ஷண்டிங் செய்யும் ஓசை இடைவிடாமல் கேட்க, அங்கே நான் உறங்கிய உறக்கம் பெரம்பூர் வீட்டு மெத்தையில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

இதற்குக் காரணம் புரியவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அங்கே சமைப்பதற்கு ஆள் உண்டு. கடிகாரத்தைக்கூட நான் பார்க்க வேண்டியதில்லை. என் வண்டிக்கு நேரம் நெருங்கும்போது ‘கால் பாய்’ (call boy) என்னும் ஊழியர் புத்தகத்தோடு வந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் நான் உறங்கினேன். வீட்டிலோ மெட்ரோ வாட்டர் லாரி வந்ததா, மகன் திரும்பினானா என்று ஒரு காது எப்போதும் விழித்தே இருந்தது. அந்தக் காவலில் பெரும்பகுதியை என் மனைவி சுமந்தார் என்பது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது, அதற்காக வெட்கப்படுகிறேன்.

உங்கள் வீட்டின் கால் பாய் நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரத்துக்கு அந்தப் புத்தகத்தை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். உதவி கேட்காதீர்கள், பொறுப்பையே ஒப்படையுங்கள். மாமியாரின் மாலைக் காப்பி அரை மணி நேரம் தாமதமானாலும் நீங்கள் எழுந்து போகக் கூடாது.

வேளச்சேரி குமாஸ்தா

இருவரும் வீட்டையும் உடலையும் பற்றியே பேசுகிறீர்கள். எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியவர்களின் நினைவான மே தினத்தை, 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான். நூறாண்டு கழித்து ஒருவர் இந்த ஊர்க் கடற்கரையில் அமர்ந்து ஞாயிறு மாலை மின்னஞ்சல் படிக்கிறார் என்றால், அதை அன்றே படிக்கச் சொன்னவர் யார் என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

நங்கநல்லூர்வாசி

உண்மையைச் சொன்னால், யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் திறந்தேன். அந்தச் செயலியை வார இறுதிக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நேற்று இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை புத்தகம் என் கணவரிடம் இருந்தது. முதல் ஒரு மணி நேரம் அடுக்களையில் எழுந்த ஒவ்வொரு ஓசையையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டு எழாமல் இருந்தேன். அதன் பிறகு சிறிது நேரம் எதையுமே கேட்காமல் இருந்திருக்கிறேன். 20-ஆம் தேதி நெருங்குவதால் அடுத்த வாரம் இது முடியுமா என்று தெரியவில்லை. ஐயா, ஒன்று கேட்கலாமா? ஓய்வு பெற்ற பிறகாவது உங்கள் மனைவியிடமிருந்து அந்தப் புத்தகத்தை நீங்கள் வாங்கிக்கொண்டீர்களா?

பெரம்பூர் பழையவர்

காலைச் சமையல் என்னிடம் வந்துவிட்டது, அம்மா. அவர் அடுக்களையை எட்டிப் பார்ப்பதைத்தான் இன்னும் நிறுத்தவில்லை.