பரங்கிமலையில் விழுந்த சங்கிலி, எவரெஸ்டில் முடிந்த கணக்கு

சென்ற நவம்பரில் முக்திநாத் யாத்திரை முடிந்து காத்மாண்டு திரும்பியபோது கையில் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. குழுவில் பலர் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். நானும் என் மனைவியும் எவரெஸ்டைக் காட்டிவிட்டு வரும் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தோம். முப்பத்தோரு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலியோடும், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியோடும் அலைந்தவன் நான். அந்த மலையை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பணியில் சேர்ந்த நாளிலிருந்தே இருந்தது.

முதல் நாள் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்தோம். மலைப்பக்கம் மேகம் விலகவில்லை. ஒன்பது மணிக்கு ரத்து என்று சொல்லி, டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. மேகத்துக்குள் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டி இறக்கிவிட்டிருந்தால்தான் வந்திருக்கும். போக நினைப்பவர்கள் ஊர் திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளாவது கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. இரட்டைப் புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் விமானம். ஜன்னலோரத்து இருக்கைகளை மட்டுமே விற்கிறார்கள். கிழக்கு நோக்கிப் போகும்போது பனிமலைகள் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அதனால் எந்தப் பக்கம் கிடைத்தாலும் நஷ்டமில்லை. புரொப்பெல்லருக்கு நேராக உள்ள வரிசை மட்டும் வேண்டாம்.

மலைகளின் பெயரும் உயரமும் அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். லாங்டாங் லிருங் முதலில் வந்தது. அதற்கு அப்பால், திபெத்துக்குள் 8,027 மீட்டர் சிசாபங்மா. பிறகு கௌரிசங்கர். 7,134 மீட்டர்தான், ஆனால் தனியாக, செங்குத்தாக நிற்கிறது. அதற்கு இரண்டு சிகரங்கள். வடக்கில் உள்ள உயரமானது சங்கர், தெற்கில் உள்ளது கௌரி. பெயரைக் கேட்டதுமே மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு அந்த மலை பின்னால் போய் மறையும்வரை ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை.

எவரெஸ்ட் வந்தபோது பணிப்பெண் எங்கள் இருக்கையருகே குனிந்து விரலை நீட்டிக் காட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. முன்னால் நுப்சேயும் லோட்சேயும் சேர்ந்து ஒரு வெள்ளை மதில்போல நிற்கின்றன. அதற்குப் பின்னால் கறுத்த முக்கோணமாக ஒரு பாறை எட்டிப் பார்க்கிறது. மேல்காற்று பனியைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போவதால் அந்தக் கறுப்பு. உச்சியிலிருந்து பனித்தூள் ஒரே பக்கமாக நீளமாகப் பறந்துகொண்டிருந்தது.

“என்னங்க, அதுதானா? பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறதே!” என்றாள்.

அவள் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்ணை நம்பினால் அங்கே நுப்சேதான் பெரியது. எங்கள் விமானம் 25,000 அடிக்கு மேல் ஏற முடியாத வகை. எவரெஸ்டோ 29,032 அடி. வானத்தில் பறந்துகொண்டே ஒரு மலையை அண்ணாந்து பார்க்கிறோம், அப்போதும் அது பெரிதாகத் தெரியவில்லை. விமானமே இல்லாத காலத்தில், ஆங்கிலேயர் ஆட்சியின் நில அளவையாளர்கள் நேபாளத்துக்குள் கால்வைக்க அனுமதியில்லாமல், நூறு மைலுக்கு அப்பால் பீகார் சமவெளியில் தியோடலைட்டை நிறுத்திக் கோணம் எடுத்தார்கள். அதற்கு முன்பு கஞ்சன்ஜங்காதான் உயரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டும் குறித்திருந்த இதன் உயரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. 1856இல் வெளியிட்ட உயரம் 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் முப்பதே அடி. வயல் வரப்பில் அரை அடி பிசகியதற்கு நாங்கள் எத்தனை தடவை மறுஅளவை செய்திருக்கிறோம்!

அந்த நில அளவை தொடங்கியது நம் பரங்கிமலையில். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைலுக்கு நூறடி இரும்புச் சங்கிலியைப் போட்டு அளந்த அடிக்கோடுதான் முதல் கோடு. அதன்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே இமயம்வரை போனார்கள். தினமும் பரங்கிமலை ஸ்டேஷனில் ரயில் மாறி வேலைக்குப் போனவன் நான். இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். புரொப்பெல்லர் இரைச்சலில் பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒவ்வொருவராக விமானி அறைக்கு அழைத்தார்கள். எனக்குக் கிடைத்தது அரை நிமிடம். முன்கண்ணாடி முழுக்க மலை. தலைமை விமானி திரும்பிப் பார்த்து, “சகர்மாதா” என்று எவரெஸ்டின் நேபாளிப் பெயரை மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்தால் குரல் உடையும் என்று தெரிந்தது.

மார்ச், ஏப்ரலில் போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அப்போது உச்சியில் அந்தக் கறுப்பு தெரிகிறதா, பனி மூடியிருக்கிறதா? என் தம்பி வசந்த காலத்தில் போக நினைக்கிறான்.