குற்றாலம் பேரருவி கறுப்பு வெள்ளையில் பஞ்சுப்பொதி மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

மதுரைப்பையன் (கேள்வி):

வணக்கம். போன ஞாயிறு குற்றாலம் போயிருந்தேன். நல்ல சீசன், சாரல் விடவே இல்லை. பேரருவியைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புதிதாக வாங்கிய என்டி 1000 ஃபில்டரை (வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டி, ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 30 செகண்ட் வைத்தேன். வீட்டுக்கு வந்து கலரை நீக்கிப் பார்த்தால் தண்ணீர் பிய்த்துப் போட்ட தலையணைப் பஞ்சு. பாறை, மரம் எல்லாம் ஒரே சாம்பல். இதே படம் கலரில் பச்சைப்பசேல் என்று நன்றாகத்தான் இருக்கிறது.

சிவப்பு ஃபில்டர் போட்டால் வானம் கறுக்கும் என்று யூடியூபில் சொன்னார்கள். அதையும் எடிட்டிங்கில் போட்டுப் பார்த்தேன், வானம் வெள்ளைத்தாளாகவே இருக்கிறது. ஆரம்பநிலை மிரர்லெஸ் கேமரா, 18-55 லென்ஸ், டிரைபாட் உண்டு. வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

ஷட்டர்ராஜா:

30 செகண்ட் எதற்கு? அரை செகண்டைத் தாண்டாதீர்கள். என்டி 1000-ஐ ராமேஸ்வரம் போகும்போது கடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டார்க்ரூம்:

தம்பி, நான் தென்காசிப் பக்கம் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். யாஷிகாவில் 120 ரோல் போட்டு, பன்னிரண்டே படத்துக்காக விடியற்காலையில் சைக்கிளில் அருவிக்குப் போன காலம் உண்டு. ஊட்டியில் தயாரான ‘இந்து’ ஃபோட்டோ பேப்பரில் அந்த நெகட்டிவ்களைப் பிரிண்ட் போடும்போது எனக்கும் இதே சாம்பல்தான் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷட்டர். பேரருவித் தண்ணீர் மேலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அங்கிருந்துதான் கீழே இறங்குகிறது. படத்துக்கு உயிர் அந்தப் பொங்கல்தான். 30 செகண்டில் அது அழிந்துவிடும். 1/8 செகண்டில் தொடங்கி அரை செகண்ட் வரை நாலைந்து எடுங்கள். தண்ணீர் நிறைய வரும் நாளில் 1/8-இலேயே இழை இழையாகப் பிரிந்து தெரியும். மேகம் மூடிய காலை வெளிச்சத்தில், எஃப் 11-இல் இந்த வேகம் பெரும்பாலும் ஃபில்டர் இல்லாமலே கிடைக்கும். போலரைசர் (பளபளப்பை அடக்கும், சுற்றக்கூடிய ஃபில்டர்) ஒன்று போட்டால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), நிச்சயமாகக் கிடைக்கும்.

அந்தப் போலரைசரை நான் சொல்வது வேகத்துக்காக மட்டும் இல்லை. உங்கள் பாறை ஏன் சாம்பலாக இருக்கிறது? நனைந்த பாறை மேல் வெள்ளை வானம் பளபளக்கிறது. கண்ணுக்கு அது ஈரமாகத் தெரியும், கேமராவுக்கு அது சாம்பல். போலரைசரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் பளபளப்பு அடங்கிப் பாறை சட்டென்று கறுக்கும். தண்ணீர் குறைவான நாளில் பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள்கூட அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். பாறை கறுத்தால்தான் தண்ணீர் வெள்ளை. வெள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் மிஞ்சும்.

அடுத்து வெளிச்ச அளவு. கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை அருவியின் வெளுத்த இடத்தில், ஆனால் இழை தெரிகிற இடத்தில் வைத்து, அது காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் ஸோன் முறையில், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் பிரிக்கும் முறையில், இதை ஏழாவது ஸோனில் வைப்பது என்பார்கள். வெள்ளைதான், ஆனால் உள்ளே இழை இருக்கும். அதற்கு மேல் போனால் டிஜிட்டலில் வெளுத்துப் போகும், பிறகு எதைத் தள்ளினாலும் திரும்பாது.

சிவப்பு ஃபில்டர் விஷயம். அது நீல வானத்தைத்தான் கறுக்க வைக்கும். சாரல் நேரத்தில் குற்றாலத்தில் நீல வானத்துக்கு எங்கே போக? வானத்தையே படச்சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள், மேலே மரத்தோடு வெட்டுங்கள். ஆனால் சிவப்பு வேறு ஒன்றுக்கு உதவும். வெள்ளம் வந்து தண்ணீர் செம்மண்ணாக இறங்கும் நாளில், எடிட்டிங்கில் சிவப்பை ஏற்றினால் அந்தச் செந்தண்ணீர் வெளுக்கும், இலை இருண்டு பின்னால் போகும். நீலத்தை ஏற்றினால் தலைகீழ், தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். நீங்கள் கலரை ஒட்டுமொத்தமாக நீக்கிவிட்டீர்கள். அப்படிச் செய்யாமல் ரா ஃபைலை (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடிட்டிங்கில் திறந்து, ஒவ்வொரு நிறத்தின் வெளுப்பையும் தனித்தனியாக மாற்றும் கறுப்பு வெள்ளை மிக்ஸரில் பச்சையையும் மஞ்சளையும் இறக்குங்கள். குற்றாலத்து இலை கலரில் பச்சையாகத் தெரிந்தாலும் மஞ்சள் ஸ்லைடருக்குத்தான் அதிகம் அசையும்.

இன்னொன்று. கேமராவை மோனோகுரோமில் போட்டு, ராவாகச் சேமியுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் கலர் பத்திரமாக இருக்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை, மனசுக்குள்ளேயே கலரைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் குளிக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

சாரல்பிரியை:

ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து. போலரைசரை முழுக்கத் திருப்பினால் பாறை தார் ஊற்றிய மாதிரி ஆகிவிடுகிறது, ஈரம் என்றே தெரியாது. நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

மதுரைத் தம்பிக்கு: லென்ஸ் துடைக்க மைக்ரோஃபைபர் துணி ஒன்று போதாது, நாலு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் துடையுங்கள். ஒரு சொட்டு இருந்தாலும் கறுப்பான பாறை மேல் வெள்ளைப் பொட்டாக விழும், கலரைவிட இதில்தான் உறுத்தும். லென்ஸ் மூடியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். என்னுடையதை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போய், கடித்துப் பார்த்து, பிடிக்காமல் தண்ணீரில் போட்டது.

பழைய டார்க்ரூம்:

பாதி திருப்புவது சரிதான் அம்மா, ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கறுப்பு என்றால் கொஞ்சம் பேராசை.

மதுரைப்பையன்:

போய் வந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி மலையில் கொட்டித் தீர்த்திருக்கிறது. காலை ஆறு மணிக்குப் போனால் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, குளிக்கத் தடை. பஸ் ஏறி வந்தவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு மட்டும் சந்தோஷம். படச்சட்டத்துக்குள் ஒரு ஆள் இல்லை!

தண்ணீர் ஐயா சொன்ன அதே செம்மண் நிறம். 1/6 செகண்ட், போலரைசர் பாதி. வீட்டில் மிக்ஸரைத் திறந்து சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினேன், டீ நிறத்தில் இருந்த அருவி கண்ணெதிரே வெளுத்தது. பொங்குமாங்கடலில் தண்ணீர் மேலே எழும்பி மடங்குகிற இடம் கயிறு திரித்த மாதிரி வந்திருக்கிறது. இருபத்திரண்டு படத்தில் மூன்று தேறியது, மீதியில் சொட்டு. துணி இரண்டுதான் கொண்டுபோனேன்.

சந்தேகம் ஒன்று. மூன்றாவது படத்தில் வலது கீழ் ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் குடையோடு நிற்கிறார், கவனிக்காமல் விட்டுவிட்டேன். வெட்டிவிடட்டுமா?

பழைய டார்க்ரூம்:

ஐயோ, வெட்டாதீர்கள் தம்பி. அருவி எவ்வளவு உயரம் என்று சொல்ல அந்தப் படத்தில் வேறு ஆளே இல்லை. முகம் தெரியாதபடி குடையை மட்டும் இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.