ஆம்ஸ்ட்ராட் 6128: டிரைவ் பெல்ட் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

பெங்களூரு நண்பர்களே, ஆம்ஸ்ட்ராட் சிபிசி 6128 என்ற 1980-களின் வீட்டுக் கணினியில் உள்ள 3 அங்குல டிஸ்க் டிரைவுக்கு, மோட்டாரிலிருந்து டிஸ்க்கைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் தேவை. டிஸ்க் போட்டாலும் "டிஸ்க் மிஸ்ஸிங்" என்றே வருகிறது. மோட்டார் சுற்றுகிறது, டிஸ்க் சுற்றவில்லை. பழைய ரப்பர் உருகித் தார் மாதிரி புல்லியில் ஒட்டியிருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துச் சுத்தமாக எடுத்தாயிற்று. அந்தப் பிசின் துளி மிச்சமிருந்தாலும் புது பெல்ட் வழுக்கும்.

வேண்டியது தட்டை பெல்ட், விட்டம் சுமார் 70 மி.மீ. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேட்டால் டேப் ரெக்கார்டரின் சதுர பெல்ட்டைத்தான் நீட்டுகிறார்கள். அது புல்லியில் நிற்காது. அளவு சிறியதாக இருந்தால் மோட்டார் பேரிங் தேயும், பெரியதாக இருந்தால் வேகம் குறையும். அங்கேயோ சிவாஜிநகர் பக்கமோ தட்டை பெல்ட் வைத்திருக்கும் கடை தெரியுமா?

இரண்டாவது, டிஸ்க் சுற்றும் வேகம் சரிபார்க்க ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் காட்டும் கருவி) யாராவது ஒரு மணி நேரம் தர முடியுமா? 300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 300 சுற்று) என்றால், சுற்றுக்கு ஒருமுறை வரும் இண்டெக்ஸ் பல்ஸ் 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வர வேண்டும்.

"பேசாம பிசியோட மூன்றரை அங்குல டிரைவை மாட்டுங்க" என்பவர்களுக்கு: பிசி டிரைவோடு ஒப்பிட்டால் இதன் பவர் கனெக்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும், அப்படியே செருகினால் டிரைவ் காலி. டேட்டா கேபிளின் 34-ஆம் பின்னில், டிரைவ் தயார் என்று சொல்லும் ரெடி சிக்னலும் வேண்டும். பெல்ட்டே கிடைக்காவிட்டால் பார்க்கலாம்.